ஒரு கட் ஓடும் நேரம்

2022 டிசம்பர் கடைசி வாரம். சபரிமலையிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம், பதினான்கு சாமிகள். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து அன்றுவரை நான் ஒரு சிகரெட்கூடத் தொட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் மாலை போடுவதற்கு முந்தின ராத்திரிவரை தினமும் பதினான்கு, பதினைந்து குடித்தவன். விரதத்தில் முதல் மூன்று நாள் தலைவலி இருந்தது. அப்புறம் அந்த நினைப்பே பெரிதாக வரவில்லை.

திருச்சூர் தாண்டும்வரை நன்றாகத் தூங்கினேன். பாலக்காட்டில் விழிப்பு வந்தது. வாளையார் செக்போஸ்ட் நெருங்க நெருங்க வாயில் எச்சில் ஊறியது, கால் தானாக ஆட ஆரம்பித்தது. மதுக்கரை வருவதற்குள் டிரைவரிடம் "கொஞ்சம் வெரசாப் போங்க சாமி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வீட்டில் அம்மா மாலையைக் கழற்றி சாமி படத்தில் மாட்டினார், பால் காய்ச்சிக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்த பத்தாவது நிமிடம் பேக்கரி வாசலில் நின்றேன். அன்று ராத்திரி படுப்பதற்குள் ஒன்பது சிகரெட்.

அது எனக்கு நான்காவது மாலை. நான்கு தடவையும் இப்படித்தான் முடிந்தது. எங்கள் வேனில் வந்தவர்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தடவை ஒரு கேள்வி மனதில் சிக்கிக்கொண்டது. நாற்பது நாள் சும்மா கிடந்த உடம்பு, கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஏன் அப்படித் தவித்தது? உடம்பில் நிகோட்டின் இல்லாததுதான் காரணம் என்றால் முதல் வாரமல்லவா தாங்க முடியாமல் இருந்திருக்க வேண்டும்?

எனக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கும்போது, 1998-ல், பதினெட்டு வயதில் ஆரம்பித்த பழக்கம். எங்கள் ஊரில் டீக்கடை என்றால் பேக்கரிதான். பேக்கரிக்கு ஒட்டினாற்போல ஒரு பெட்டிக்கடை, அதில் நூலில் கட்டித் தொங்கும் ஒரு லைட்டர். என்னுடைய இருபத்தைந்து வருடம் அந்த நூலுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது.

2023 பிப்ரவரியில் இருமல் விடாமல் இருந்ததால் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கேயே போதை மீட்புப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. "காலையில் எழுந்திருச்சு எத்தனை நிமிஷத்துல மொத சிகரெட் குடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்றேன். நிகோட்டின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வருமாம். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி எழும்போது கிட்டத்தட்டக் காலியாகிவிடுகிறது. எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிறவர் என்றால் உடம்பு நன்றாகவே பழகியிருக்கிறது என்று அர்த்தம் என்றார்.

வாளையார் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, இஸ்ரேலில் விமானப் பணியாளர்களிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். சிகரெட் பழக்கம் உள்ள அந்தப் பணியாளர்கள் சில நாள் மூன்று, ஐந்து மணி நேரப் பயணத்தில் போவார்கள். சில நாள் பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். இரண்டிலும் விமானத்துக்குள் புகைக்க முடியாது. தவிப்பு எப்போது உச்சத்துக்குப் போனது என்று பார்த்தால், இரண்டிலும் விமானம் தரையிறங்கப் போகும் நேரத்தில்தான். குறுகிய பயணம் முடியும் நேரத்தில் இருந்த தவிப்பு, நீண்ட பயணத்தில் அதே மணிக்கணக்கில் இருக்கவில்லை. கடைசி சிகரெட் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்று மனசு போடும் கணக்குதான் பெரிதாக வேலை செய்கிறது. "மாலை போட்டிருந்தப்ப உங்க மனசுல கதவு சாத்தியிருந்துச்சு. வாளையார்ல தொறந்துருச்சு" என்றார்.

எனக்கு அன்றைக்குப் பாதி பயம் போய்விட்டது. சிகரெட்டை விடுகிறவனுக்குள் இருக்கும் பெரிய பயமே, வாழ்நாள் முழுக்க இப்படித் தவித்துக்கொண்டே இருக்க வேண்டுமோ என்பதுதான். அது அப்படி இல்லை என்பதற்கு என் உடம்பிலேயே நான்கு சாட்சி இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மார்ச் 6, திங்கட்கிழமை என்று நாள் குறித்தேன். முந்தின நாள் பட்டறை மேஜை டிராயர், வண்டி பெட்டி, பழைய பேன்ட் பைகள் எல்லாவற்றையும் துழாவி, கிடைத்த சிகரெட், லைட்டர், தீப்பெட்டி அத்தனையையும் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன். நனைத்தது முக்கியம். நனைக்காமல் போட்டதை ராத்திரி பதினோரு மணிக்குத் தேடி எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் நாள் காலை பத்தரை மணிக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இ.என்.8 என்ற எஃகு ராடு, 300 மில்லிமீட்டர் நீளம். 450 ஆர்.பி.எம்.மில் விட்டு, ஒரு சுற்றுக்கு 0.15 மில்லி நகரும்படி ஃபீட் வைத்தால், ராடைச் சீவும் டூல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஏறக்குறைய நாலரை நிமிடம் ஆகும். ஆட்டோ ஃபீட் போட்டுவிட்டால் அதுவரை கைக்கு வேலை இல்லை. இருபத்தைந்து வருடமாக அந்த நாலரை நிமிடத்தில்தான் நான் வாசலுக்குப் போய்ப் பற்றவைப்பேன். டூல் முனைக்கு வருவதற்கும் நான் துண்டை மிதித்து அணைத்துவிட்டு வருவதற்கும் சரியாக இருக்கும்.

அன்றும் லீவரைப் போட்டேன். போட்ட அந்த நொடியே உள்ளே ஒன்று எழுந்தது. யாரோ நெஞ்சுக்குள் கையை விட்டு வாசல் பக்கம் இழுக்கிற மாதிரி. கால் ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது: ஒரு தவிப்பு வந்தால் பெரும்பாலும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம்தான், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இறங்கிவிடும். சரி, இந்தக் கட் முடியும்வரை, டூல் மறு முனைக்குப் போய்ச் சேரும்வரை, நகரக் கூடாது என்று டூல் முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிசிறு சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. டூல் நூறு மில்லி போகும்போது வாய் வறண்டது. பாதியில், நூற்றைம்பதில், இனி முடியாது என்று தோன்றியது. அதுதான் உச்சம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இருநூற்றைத் தாண்டும்போது மூச்சு கொஞ்சம் நீளமாக வந்தது. முனைக்கு வந்து ஃபீடை எடுத்துவிட்டு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தபோது, ஷாஃப்ட் அளவு பார்க்கும் நினைப்புதான் மேலே இருந்தது, சிகரெட் கீழே போயிருந்தது. முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. பத்து இருந்தது மூன்றாகியிருந்தது. மூன்றோடு வேலை செய்யலாம்.

அடுத்த ராடை சக்கில் மாட்டினேன். மறுபடி வந்தது. மறுபடி நின்றேன். அன்று, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் பின்பக்கம் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரமும் இடமும் எழுதி வைத்தேன். ராத்திரி எண்ணிப் பார்த்தால் 23 கோடு. பத்தாவது நாள் 9. ஒரு மாதத்தில் 3 அல்லது 4. இந்தக் கணக்கு எழுதும் பழக்கத்தை யாராக இருந்தாலும் செய்து பாருங்கள் என்று சொல்வேன். தவிக்கும்போது மனசு "இது குறையவே மாட்டேங்குது" என்று சொல்லும். அட்டையைப் பார்த்தால் குறைந்திருப்பது தெரியும்.

அதைவிடப் பெரிய உபயோகம் வேறு ஒன்று. பத்து நாள் கார்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கோடுகள் எல்லாம் குறிப்பிட்ட சில இடங்களில்தான் குவிந்திருந்தன. காலைக் காபி. கக்கூஸ். ஆட்டோ ஃபீட். மதியச் சாப்பாடு முடிந்த உடனே. ஆர்டர் கொடுத்த பார்ட்டி போன் செய்து "ஜாப் எப்பங்க ரெடியாகும்?" என்று கேட்கும் நேரம். சாயங்காலம் பேக்கரி. இவற்றுக்கு நடுவில் மணிக்கணக்காக ஒரு கோடும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் சிகரெட் என்ற ஒரு பொருளை விடவில்லை, ஏழெட்டு சிகரெட்டைத் தனித்தனியாக விட்டுக்கொண்டிருக்கிறேன். காலைச் சிகரெட்டுக்குச் செய்த வைத்தியம் பேக்கரிச் சிகரெட்டுக்கு வேலை செய்யாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை குடிக்காமல் நின்று வெளியே வந்தால்தான் அந்த இடம் நம்முடையதாகிறது.

காலை விஷயத்தை வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காகவே மறுபடி ஆரம்பித்தவர்கள் நிறைய. பற்றவைத்தால்தான் வயிறு போகும் என்ற பழக்கம் எனக்கும் இருந்தது. நிகோட்டின் குடலைத் தூண்டிவிடும் என்பதால் விட்டதும் மலச்சிக்கல் வருவது சாதாரணம். எனக்குப் பன்னிரண்டு நாள் அவதி. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிட நடை, ராத்திரி பப்பாளி, இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழம். மூன்றாவது வாரம் வயிறு தானே பழகிக்கொண்டது. பொறுமையாக இருந்தால் சரியாகிற விஷயம் இது.

காபி, டீ பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, டாக்டரம்மாவைத் தவிர. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். புகையை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அப்போது வழக்கமாகக் குடிக்கும் அதே டீயில் காஃபின் ரத்தத்தில் அதிக நேரம், அதிக அளவில் நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இதையெல்லாம் நாம் சிகரெட் தவிப்பு என்று நினைத்துக்கொள்வோம். நான் நாளைக்கு ஆறு டீ குடிப்பவன். நான்காவது நாள் ராத்திரி இரண்டு மணிவரை தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. மறுநாளிலிருந்து மூன்று டீ, அதுவும் மாலை நாலு மணிக்கு மேல் இல்லை. தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததும் பகல் தவிப்பும் பாதி குறைந்தது.

நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்திருந்தார், 4 மில்லிகிராம். 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4-க்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் நாள் அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தள்ளினேன். பத்து நிமிடத்தில் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். இது நமக்கு ஒத்துக்காது என்று தூக்கிப் போடப் போனேன். மெல்லும் முறைதான் தப்பு. மெதுவாகக் கொஞ்ச நேரம் மென்றால் நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக்கென்ற காரம் வரும். உடனே மெல்லுவதை நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலைந்து கடி, மறுபடி வேறு பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். நிகோட்டின் வாயின் தோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வயிற்றைத்தான் கெடுக்கும். கம் போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது, அதனால் உறிஞ்சுவது தடைபடும். அதோடு இதைத் தவிப்பு வந்த பிறகு தேடுவதைவிட, வரப்போகிறது என்று தெரியும் இடத்துக்குச் சற்று முன்பே போட்டுக்கொண்டால் நல்ல பலன். சிகரெட் புகை பத்து, இருபது நொடியில் மூளைக்குப் போய்விடும், கம் அவ்வளவு வேகம் கிடையாது. முதல் மாதம் நாளைக்கு எட்டு, ஒன்பது. மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டேன். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதை டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். கம் தவிர மாத்திரைகளும் இருக்கின்றன, அவை முழுக்க டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை.

கம் போட்டு விடுவது மனவுறுதி இல்லாதவன் செய்வது என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. கால் உடைந்தவன் கட்டையை ஊன்றி நடந்தால் யாராவது அப்படிச் சொல்வார்களா?

மூன்றாவது நாள்தான் மோசம். நிகோட்டின் உடம்பை விட்டுப் போகும்போது இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம் என்பார்கள், எனக்கும் அப்படித்தான். பட்டறையில் வேலை பழகும் பையன் ஒரு ஜாப்பை அரை மில்லி அதிகமாக எடுத்துவிட்டான். முந்நூறு ரூபாய் நஷ்டம்கூட இருக்காது. நான் கத்திய கத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் கண்ணில் தண்ணீர். அவன் ஒன்றும் பேசவில்லை, மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சிகரெட்டை விட்டிருக்கேன் தம்பி, இன்னும் ரெண்டு வாரத்துக்கு நான் கத்துனா மனசுல வெச்சுக்காதே. தப்பு என் மேலதான்" என்று சொன்னேன். இதை முதல் நாளே வீட்டிலும் பட்டறையிலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டால் அவர்களும் விலகிப் போக இடம் கிடைக்கும், நமக்கும் அடக்கிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். மறுநாள் அந்தப் பையன் தானாகவே ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்து என் டிராயரில் வைத்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதையும் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் பிடித்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பம்பரம் கடைந்தேன். மேலே விரல் வழுக்காமல் இருக்க நர்லிங் போட்டேன். சிகரெட் பாக்கெட் இருந்த அதே சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டேன். கை தன்னையறியாமல் அங்கே போகும்போது பாக்கெட்டுக்குப் பதில் அந்தச் சொரசொரப்பு விரலில் படும். போன் பேசும்போது மேஜையில் சுற்றிவிடுவேன். சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே பேசுவேன். பார்ட்டி கேட்கும் கேள்விக்கு நிதானமாகப் பதில் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் தோற்றுவிடுவேன். கை கழுவியதும் பல் துலக்கிவிட்டு, ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கேரியரைக் கழுவப் போய்விடுவேன். பசியோடு இருந்தாலும் தவிப்பு கூடும், அதனால் பதினோரு மணிக்கு ஏதாவது கொஞ்சம் கொறிப்பேன். ஒரு வருடத்தில் ஐந்து கிலோ ஏறினேன். நிறையப் பேருக்கு நாலைந்து கிலோ ஏறும், அதற்குப் பயந்து மறுபடி பற்றவைப்பதில் அர்த்தமே இல்லை. பாதியைப் பிறகு நடந்தே குறைத்தேன். வாய்ப்புண், இரண்டாவது வாரம் சளியோடு அதிகமான இருமல், இதெல்லாமும் வந்து போயின. நுரையீரல் தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது இருமல் கூடுவது உண்டு. நீண்டால் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பேக்கரிக்கு மூன்று வாரம் போகவில்லை. ஃபிளாஸ்கில் பார்சல் டீ வாங்கி வரச் சொல்லிப் பட்டறையிலேயே குடித்தேன். ஆனால் எத்தனை நாள் ஒளிவது? அந்த இடத்தையும் ஒரு நாள் கடக்கத்தானே வேண்டும். நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வாயில் கம் போட்டு முடித்துவிட்டு, பெட்டிக்கடை இல்லாத மறுபக்கம் போய் நின்று டீ குடித்தேன். வாசம் வந்தது. நூலில் லைட்டர் ஆடிக்கொண்டிருந்தது. மனதுக்குள் லேத்தை ஓடவிட்டு, டூல் முனைக்குப் போகும்வரை நின்றேன். தேங்காய் பன் ஒன்று சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலக் கூட்டம் அதைவிடக் கஷ்டம். பழகிய ஆட்கள், அன்பாகத்தான் நீட்டுவார்கள். "ஒண்ணே ஒண்ணு போடு மாப்ள, ஒண்ணுல என்ன ஆயிரப்போகுது?" ஆரம்பத்தில் நான் "விட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்று சொல்வேன். அந்தப் பதிலைக் கேட்டதும் அவர்கள் இன்னும் நெருக்குவார்கள். ஏனென்றால் அந்தப் பதிலிலேயே கதவு திறந்திருக்கிறது. ஒரு நாள் "நான் குடிக்கறதில்லைங்ண்ணா" என்று சொல்லிப் பார்த்தேன். பழைய ஆள் எவனோ குடித்தான், நான் குடிப்பதில்லை என்கிற தொனியில். நீட்டிய கை தானாக மடங்கியது. என் உள்ளேயும் ஏதோ ஒன்று அடங்கியது. மாலை போட்டிருந்தபோது கழுத்தில் இருந்தது இந்த வாக்கியம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தண்ணி அடிக்கும் கூட்டத்துக்கு மட்டும் ஆறு மாதம் போகவே இல்லை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் எந்த வாக்கியமும் நிற்காது.

ஆகஸ்டில் பெரியப்பா இறந்துவிட்டார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ராத்திரி முழுக்க பந்தலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குச் சித்தப்பா மகன் ஒருவன் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டேன். துக்க வீடு என் ஜாப் கார்டில் இல்லாத இடம், அதற்கு நான் தயாராகவே இல்லை. தலை சுற்றியது, தொண்டை எரிந்தது, ஒரு சுகமும் இல்லை. ஆனால் மறுநாள் காலை எழுந்ததும் பழைய தவிப்பு, முதல் வாரத்தில் இருந்த அதே தவிப்பு, வாசலில் வந்து நின்றது.

ஐந்து மாதம் போயிற்று, இனி என்ன, என்று மனசு பேச ஆரம்பித்தது. அந்தப் பேச்சுதான் அந்த ஒரு சிகரெட்டைவிட ஆபத்து. அன்று மத்தியானம் 1800-11-2356-க்குப் போன் செய்தேன். 2018-லிருந்து ஒவ்வொரு சிகரெட் அட்டையிலும் அச்சடித்திருக்கும் அரசாங்க இலவச எண். நான்கைந்து வருடம் தினமும் என் கண்ணில் பட்ட எண், ஒரு தடவைகூட அடித்ததில்லை. பேசிய பெண் தமிழிலேயே பேசினார். நான் அழுதுவிட்டேன். பெரியப்பாவுக்காகவா சிகரெட்டுக்காகவா என்று எனக்கே தெரியாது. அவர் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, "நூத்தம்பது நாளுக்கு மேல குடிக்காம இருந்திருக்கீங்க, அது எங்கயும் போயிடல. இன்னிக்கு அடுத்ததக் குடிக்காம இருந்தாப் போதும்" என்றார். இன்னும் வரப்போகும் சடங்குகளில் எங்கே உட்காருவேன், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்றுகூடக் கேட்டு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். காரியம் முடியும்வரை சமையல் பக்கமே நின்றுகொண்டேன், இலை போடுவது, தண்ணீர் ஊற்றுவது என்று. மறுபடி தொடவில்லை.

கனவில் சிகரெட் குடிப்பது பல மாதம் இருந்தது. விழித்ததும் குடித்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விட்ட நிறையப் பேருக்கு இப்படிக் கனவு வரும் என்று பிறகு தெரிந்தது. வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பதற்றமே, திரும்பிப் போக நமக்கு விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது.

2024 மே மாதம் வால்பாறைக்கு வீட்டோடு போனோம். விட்டுப் பதினான்கு மாதம். ஜாப் கார்டு எழுதுவதையெல்லாம் எப்போதோ நிறுத்தியிருந்தேன், வாரத்துக்கு ஒரு கோடுகூட இருக்காது. ஆழியாறிலிருந்து ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவில், ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட் குடிப்பது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் வழக்கம். விட்ட பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. அந்த வழக்கமே அன்று எனக்கு ஞாபகத்தில் இல்லை.

எட்டாவது வளைவைத் திரும்பும்போது வாயில் எச்சில் ஊறியது. வாளையாரில் ஊறிய அதே எச்சில். ஒன்பதாவதில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். சுவரோரம் யாரோ ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காற்று என் பக்கம்தான் வீசியது. மகளும் மனைவியும் அணையைப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். பையில் கையை விட்டேன், பம்பரம் இருந்தது. தடுப்புச் சுவருக்கு மேலே இருந்த பாறைச் சரிவில் ஒரு வரையாடு நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் குட்டி. லீவரைப் போட்டதாக நினைத்துக்கொண்டேன். நூறு மில்லி. நூற்றைம்பது. குட்டி ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. இருநூறு. கீழே அணைத் தண்ணீரில் மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, போலாமுங்களா?" என்று மனைவி கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். இன்னும் ஐம்பது மில்லி பாக்கி இருந்தது. அதுவும் முடிந்ததும் போய் வண்டியை எடுத்தேன்.